அறைக்குள் ஒரு கடற்கரை: திரை வழியே இயற்கையைப் பார்த்து மனதை ஆற்றிக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

அப்பத்தா போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து, ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில் கட்டில் போட்டோம். அறுபது வருடம் மண்டபம் என்ற ஊருக்குப் பக்கத்தில் வடக்குக் கடலோரம் குடியிருந்தவர் அவர். இங்கே ஜன்னலைத் திறந்தால் நாலடி தள்ளி அடுத்த வீட்டின் பூசாத செங்கல் சுவர். மூன்றாவது வாரத்தில் பேச்சு குறைந்தது. சாப்பாடு, டிவி, பேரப்பிள்ளைகள் என்று எதைக் கொண்டுபோனாலும் வேண்டாம் என்று கையை ஆட்டிவிடுவார்.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். இணையத்தில் கடல் வீடியோ ஒன்றைத் தேடி எடுத்து, செல்போனைக் கட்டில் கம்பியில் சாய்த்து வைத்தேன். ஏதோ வெளிநாட்டுத் தீவு. நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். மேலே ட்ரோன் வட்டமடிக்கிறது, பின்னால் பியானோ. அரை நிமிடம் பார்த்தார். "தலை சுத்துதுப்பா, அமத்து" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு வேறு வேலையாக மண்டபம் போனபோது, வடக்குக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வல்லத்தின் (நாட்டுப்படகு) மேல் போனை வைத்து, பத்து நிமிடம் ஓடவிட்டு எடுத்துவந்தேன். படம் ஒன்றும் பிரமாதமில்லை. தட்டையான தண்ணீர், நங்கூரம் போட்ட இரண்டு நாட்டுப்படகு, கரையில் ஒதுங்கிக் கறுத்துக் கிடக்கும் பாசி, ஒற்றைக் கொக்கு. அப்பத்தா பத்து நிமிடமும் பார்த்தார். பாதியில், யாரிடமோ சொல்வதுபோல, "கச்சான்தான் அடிக்குது. அதான் தண்ணி தட்டாக் கிடக்கு. வாடை எழும்பட்டும், அப்பப் பாரு" என்றார். கச்சான் என்பது தென்மேற்குக் காற்று, வாடை வடகிழக்குக் காற்று. அந்த வாரத்தில் அவராக வாய் திறந்து பேசிய நீளமான பேச்சு அதுதான்.

முதல் வீடியோ ஏன் தோற்றது, இரண்டாவது ஏன் எடுபட்டது என்று தேடிப் படித்தேன். அப்புறம் மாதக்கணக்கில் வீட்டிலேயே செய்து பார்த்தேன். படுக்கையில் இருப்பவர், ஊரைவிட்டுத் தூரத்தில் இருப்பவர், நாள் முழுக்க அறைக்குள் வேலை பார்ப்பவர் எவருக்கும் இதைச் செய்து கொடுக்கலாம். பெரிய செலவில்லை.

திரையில் பார்ப்பதால் மனதுக்கு உண்மையிலேயே பலன் உண்டா?

செங்கல் சுவரிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1984இல் ரோஜர் உல்ரிச் என்பவர், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தார். பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். 23 பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, அவர்களுக்கு இணையான இன்னொரு 23 பேருக்குத் தெரிந்தது செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவர் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆனது. கடுமையான வலிமாத்திரையும் மரம் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. இதைப் படித்த அன்று எங்கள் வீட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஏன் அப்படி என்பதற்கு ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் தம்பதி சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தது. கணக்குப் பார்ப்பது, படிப்பது, வண்டி ஓட்டுவது எல்லாம் மனதை இழுத்துப் பிடித்துச் செய்யும் வேலை, அந்தப் பிடி களைத்துப்போகும். அலை, மேகம், இலையசைவு போன்றவை கண்ணை மெல்லத் தொட்டு இழுக்கின்றன, பிடித்து உலுக்குவதில்லை. அந்த நேரத்தில் களைத்த பிடி ஓய்வெடுத்துக்கொள்கிறது.

அது நிஜ மரம், நிஜ அலை. திரையில் வருவதற்கும் அந்தப் பலன் உண்டா? 2008இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், சிலருக்கு இயற்கைப் படங்களையும் நகரப் படங்களையும் காட்டிவிட்டு, எண்களைச் சொல்லித் தலைகீழாகத் திருப்பிச் சொல்ல வைப்பது போன்ற கவனச் சோதனைகள் வைத்தார்கள். வெறும் படம்தான், ஆனாலும் இயற்கைப் படம் பார்த்த பிறகு கவனம் கூடியிருந்தது. ஆனால் அதே 2008இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கான் குழு செய்த ஆய்வு நம் ஆசையில் மண்ணைப் போட்டது. நிஜ ஜன்னல், அதே காட்சியை நேரலையில் காட்டும் 50 அங்குல பிளாஸ்மா திரை, வெறும் சுவர் என மூன்றையும் ஒப்பிட்டார்கள். சின்னப் பதற்றத்துக்குப் பிறகு நாடித்துடிப்பு அடங்கும் வேகத்தில் ஜன்னல் ஜெயித்தது. திரையோ வெறும் சுவரைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை.

இதை மறைத்துவிட்டு வழிகாட்டி எழுதுவது நியாயமாக இருக்காது. ஆக, உடம்பின் பதற்றத்தை அடக்க நிஜக் கடலுக்கு ஈடு கிடையாது. அடைபட்டுக் கிடப்பதன் சலிப்பு, கவனக் களைப்பு, எரிச்சல் ஆகியவற்றில்தான் திரைக்கு வேலை இருக்கிறது. 2020இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வில், 96 பேருக்கு முதலில் ஒருவர் தன் அலுவலகப் பொருள் விற்கும் வேலையை விவரிக்கும் வீடியோவைப் போட்டு வேண்டுமென்றே அலுப்பூட்டினார்கள். அப்புறம் கடலடிப் பவளப்பாறைக் காட்சிகள். டிவியில் பார்த்தவர்களுக்கும் சரி, விஆர் கண்ணாடியில் (கண்ணை மூடி மாட்டிக்கொள்ளும் திரை) பார்த்தவர்களுக்கும் சரி, அலுப்பு குறைந்தது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலச் சிறை ஒன்றில், தனிமைக் கொட்டடிக் கைதிகளுக்கு இயற்கை வீடியோ காட்டினார்கள். நளினி நட்கர்ணி என்ற சூழலியலாளரின் முயற்சி அது. பார்த்தவர்களிடம் வன்முறைக் குற்றங்கள் 26 சதவீதம் குறைவாக இருந்தன. எட்டடிக்கு எட்டடி அறையில் கிடப்பவருக்குத் திரையும் ஒரு வாசல்தான் போலிருக்கிறது.

1. யாருக்கு, எந்த நேரத்துக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு, இரண்டு பாடத்துக்கு நடுவே பத்து நிமிடம் போதும். படுக்கையில் இருப்பவருக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், பொழுது நகராத நேரத்தில் வையுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் விஷயத்தில்தான் கவனம் தேவை. கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று இந்தக் கரையில் வளைகுடா நாடுகளுக்கு ஆள் போகாத தெரு குறைவு. அதே மண்டபம் வீடியோவை சவூதியில் தம்மாமில் இருக்கும் மச்சானுக்கு அனுப்பினேன். "காலையில இதை அனுப்பாத மாப்பிள்ளை, வேலைக்குப் போக மனசே வரல" என்று பதில் வந்தது. ஊர்க் காட்சி ஆறுதலும் தரும், ஏக்கத்தையும் கிளறும். ஷிப்ட் முடிந்து குளித்து, சாப்பிட்ட பிறகு பார்க்கச் சொன்னேன். அது சரியாக வந்தது. அப்படியும் ஏக்கம் கூடினால் ஊர்க் கடலை விட்டுவிட்டு, பழக்கமில்லாத ஒரு காட்டையோ மழையையோ கொடுத்துப் பாருங்கள்.

2. எதைக் காட்டுவது, எதைத் தவிர்ப்பது

காட்சி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நாலு நொடிக்கு ஒருமுறை வெட்டி ஒட்டிய வீடியோவில் கண் ஒவ்வொரு வெட்டுக்கும் துள்ளி எழுகிறது. ஓய்வெடுக்க வந்த மனதுக்கு அது இன்னொரு வேலை. பின்னணி இசையும் விவரிக்கும் குரலும் வேண்டாம். அலைச் சத்தம் அலையிலிருந்தே வரட்டும். தண்ணீர் இருந்தால் நல்லது. தண்ணீர் தெரியும் காட்சிகளை மக்கள் கூடுதலாக விரும்புவதாக ஆய்வுகளே சொல்கின்றன, நமக்கு ஆய்வே தேவையில்லை.

வேட்டையாடும் காட்சிகள், புயல், வெள்ளம் எதுவும் நோயாளிக்கு வேண்டாம். முக்கியமாக, ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியை நிறுத்திவிடுங்கள். நான் அதை மறந்த ஒரு நாள், கடல் வீடியோ முடிந்த கையோடு செயலி தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தையும் 1964 டிசம்பர் புயலையும் பற்றிய ஒரு படத்தை ஓட்டிவிட்டது. அப்பத்தாவின் அண்ணன் அந்தப் புயலில் போனவர். அன்று இரவு அவர் தூங்கவில்லை. சுற்றுலா வருகிறவர்களுக்கு அது வெறும் இடிபாடு. இந்தக் கரையில் அது இன்னும் பல வீடுகளின் துக்கம். யாருக்குக் காட்டுகிறீர்களோ அவருடைய கதை தெரிந்து காட்டுங்கள்.

இன்னொன்று, கணினியே உருவாக்கிய 'இயற்கை' வீடியோக்கள் இப்போது மலிந்துவிட்டன. அலை கரைக்கு வந்து திரும்பாமல் உருகிக் காணாமல் போகும். கடலைப் பார்த்து வளர்ந்தவர் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடுவார். பிடித்த பிறகு எதையும் நம்பிப் பார்க்க மாட்டார்.

3. நீங்களே பதிவு செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். உலகத்தின் மிக அழகான கடற்கரையைவிட, பார்ப்பவருக்குப் பெயர் தெரிந்த கடற்கரை மேல் என்பது என் அனுபவம். தெரிந்த இடத்தில் கண் சும்மா இருக்காது. காற்றைப் படிக்கும், படகைக் கணக்கெடுக்கும், 'அந்தப் பனை இன்னும் நிற்குதா' என்று தேடும்.

எந்தக் கடல், எந்த மாதம் என்பதில் நமக்கு ஒரு வசதி உண்டு. மண்டபத்திலும் பாம்பனிலும் இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காலத்தில் தெற்கே அலை அடித்துக்கொண்டு கிடக்கும், வடக்கே குளம் மாதிரி இருக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை எழும்பினால் அப்படியே மாறும். அமைதியான காட்சி வேண்டுமா, இரைச்சல் வேண்டுமா என்று பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுக்கலாம். வடக்குக் கரைக்கு இன்னொரு லாபம், பெரும்பாலும் வெயில் கேமராவின் முகத்தில் அடிக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். என்ஜின் சத்தம் இல்லாத ஒலிப்பதிவுக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

கடல் மட்டும்தான் என்றில்லை. தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காடு இருக்கிறது, வனத்துறையின் படகுச் சவாரியும் உண்டு. குளிர்கால மாதங்களில் தனுஷ்கோடி போனால் சேற்றுநீரில் பூநாரைக் கூட்டம் நிற்கும். 2025இல் அந்த இடத்தைப் பூநாரைச் சரணாலயமாகவே அறிவித்திருக்கிறார்கள். சித்திரங்குடி, கஞ்சிரங்குளம், தேர்த்தங்கால் கண்மாய்களில் மழை பெய்த வருடங்களில் கருவேல மரமெல்லாம் கூடாக இருக்கும். உள்நாட்டில் பிறந்து வளர்ந்த ஆளுக்குக் கடலைவிடக் கண்மாய்தான் ஊர்.

இப்போது எடுக்கும் முறை. போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு கெட்டுவிடும். போனைப் படுக்கைவாட்டில் வையுங்கள். டிரைபாட் இல்லாவிட்டால் ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி அதில் போனைச் செருகிவிடலாம், அசையாது. கடலும் வானமும் சேரும் கோடு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். அது கோணினால் படுத்திருப்பவருக்குத் தலை சுற்றும். திரையைத் தொட்டுப் பிடித்து வெளிச்சத்தையும் போகஸையும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மேகத்துக்கும் படம் இருண்டு வெளுக்கும். பிறகு தள்ளிப் போய் உட்காருங்கள். பக்கத்தில் நின்றால் உங்கள் மூச்சும் செருப்புச் சத்தமும்தான் பதியும்.

காற்றுதான் பெரிய எதிரி. மைக்கில் நேராக அடித்தால் கேட்கவே முடியாத 'படபட' சத்தம் வரும். மைக் துளையின் மேல் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஸ்பாஞ்சு வெட்டி ஒட்டுங்கள். கரையில் ஏற்றிப் போட்ட படகின் மறைவில் வைத்தால் இன்னும் நல்லது. முதல்நாள் நான் வல்லத்தின் மேலே வைத்ததும் தவறுதான், அன்று காற்று கொஞ்சம் மட்டாக இருந்ததால் தப்பித்தேன். லென்ஸில் உப்பு படிந்தால் வேட்டி முனையால் தேய்க்காதீர்கள், மணல் கீறிவிடும். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

பத்து நிமிடம் போதும். 1080பி தரத்தில் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 முதல் 130 எம்பி வரை பிடிக்கும், பத்து நிமிடம் ஒரு ஜிபியைத் தாண்டலாம். முன்கூட்டியே இடம் ஒதுக்குங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும்.

சில எல்லைகள் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை, அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. ட்ரோன் வேண்டாம், உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத்தளம் இருக்கிறது. கரையில் கிடக்கும் பவளத்துண்டை நினைவுப் பொருளாக எடுத்துவந்தாலும் வனவிலங்குச் சட்டத்தில் அது குற்றம். பாசி எடுத்துவிட்டு ஈரத்துணியோடு கரையேறும் பெண்களைப் பக்கத்தில் போய் எடுக்காதீர்கள். கேட்டுவிட்டு, தூரத்தில் படகு மட்டும் தெரியும்படி எடுத்தால் போதும்.

4. பார்க்கும் விதம்

செல்போனைவிட டிவி நல்லது. பெரிய திரை என்பதால் மட்டுமில்லை, டிவியில் நடுவே வாட்ஸ்அப் செய்தி வந்து விழாது. போனில்தான் பார்க்க வேண்டுமென்றால் எல்லா அறிவிப்புகளையும் நிறுத்திவிடுங்கள். படுத்திருப்பவரின் கண்மட்டத்துக்குத் திரையை இறக்குங்கள். அறையின் விளக்கை அணைத்து, திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். சத்தம் மிக மெதுவாக இருக்கட்டும், பக்கத்து அறையில் பேசினால் கேட்கும் அளவுக்கு.

பார்க்கும்போது யாராவது கூட உட்காருவது நல்லது, ஆனால் பேச்சுக் கொடுக்க வேண்டாம். அவராகப் பேசினால் பதில் சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் சலிப்பாகத்தான் இருக்கும். ஓட்டிவிடக் கை பரபரக்கும், குறிப்பாக நமக்கு. அதைத் தாண்டிவிட்டால் கண் தானாகவே சின்ன விஷயங்களைப் பிடிக்கத் தொடங்கும்.

மேஜை விசிறியைக் கால்பக்கமாகத் திருப்பி வைத்தால் கடற்காற்று மாதிரி இருக்கும் என்று ஒரு யோசனை வந்தது, வைத்தேன். அப்பத்தாவுக்குப் பிடித்தது. வாசனைக்குக் கருவாடு சுடட்டுமா என்று விளையாட்டாகக் கேட்டேன். "சுடு, சோத்துக்கும் ஆச்சு" என்றார்.

5. கடலுக்கு அடியில்

திரைக்கு உண்மையான பெருமை இங்கேதான். 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளை, அதன் கரையிலேயே பிறந்தவர்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? மூழ்கத் தெரிந்த சிலரைத் தவிர மற்றவர்களுக்கு அது பெயர்தான். மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் அந்தப் பாறைமேடுகளில் கிளிமீன் மேய்வதை வீடியோவில்தான் பார்க்க முடியும். கடற்புல்லை மேயும் ஆவுளியா என்ற கடற்பசுவும் அப்படித்தான், வலையில் மாட்டிச் செத்த பிறகு பார்த்தவர்களே அதிகம். நல்ல கடலடிப் பதிவு கிடைத்தால் இசையை மட்டும் அடைத்துவிட்டுப் பாருங்கள்.

விஆர் கண்ணாடி வைத்திருப்பவர்கள் உட்கார்ந்த நிலையில், ஐந்து நிமிடத்திலிருந்து ஆரம்பியுங்கள். எக்ஸிடர் ஆய்வில், பார்ப்பவரின் அசைவுக்கேற்ப மாறும் விஆர் காட்சி மட்டும்தான் அலுப்பைக் குறைத்ததோடு மனதில் உற்சாகத்தையும் கூட்டியது. ஆனால் தலைசுற்றல், வலிப்பு, கழுத்து வலி உள்ளவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் மாட்டிவிடாதீர்கள். அப்பத்தாவிடம் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

6. ஒலி மட்டும்

கண் தெரியாதவர்களுக்கும், இரவில் தூக்கம் பிடிக்காதவர்களுக்கும் படம் வேண்டாம், ஒலி போதும். தூக்கத்துக்கு முன் திரை வெளிச்சத்தைத் தவிர்த்ததாகவும் ஆகும். பாம்பன் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்கு 90.4இல் கடல் ஓசை சமுதாய வானொலி 2016 முதல் இருக்கிறது. அலைச் சத்தம் வேறு, கடல்காரர்களின் பேச்சுச் சத்தம் வேறு, சிலருக்கு இரண்டாவதுதான் மனதைத் தேற்றும்.

7. பலன் இருக்கிறதா என்று பார்ப்பது

ஒரு பழைய நோட்டில், பார்ப்பதற்கு முன் மனம் எப்படி இருக்கிறது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண், பார்த்த பிறகு ஒன்று. இரண்டு வாரம் எழுதுங்கள். அப்பத்தா எண்ணெல்லாம் சொல்ல மாட்டார், அதனால் நான் வேறு இரண்டைக் குறித்தேன். அன்று அவராக எத்தனை தடவை பேசினார், ராத்திரி எத்தனை இட்லி சாப்பிட்டார். பதினைந்து நாளில் ஒன்றரை இட்லி மூன்றானது. கடல் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். வலி குறைந்தது, பிசியோதெரபிக்கு ஆள் வந்தார், எல்லாம் சேர்ந்துதான்.

இரண்டு வாரத்தில் மாற்றமே இல்லை, அழுகை கூடுகிறது, தூக்கமும் பசியும் போய்விட்டன என்றால் வீடியோவை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். 14416 என்ற டெலிமனாஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

எழுந்து நடக்க முடிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் செய்த ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது வெளியே இயற்கையில் இருந்தவர்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் பஸ்ஸில் போகும் தூரம்தான். போக முடிந்தும் சோபாவில் படுத்துக் கடல் வீடியோ பார்க்கிறீர்கள் என்றால், இத்தனை பக்கத்தையும் நீங்கள் படித்திருக்க வேண்டியதில்லை.

8. பதிவை மாற்றிக்கொண்டே இருங்கள்

ஒரே பத்து நிமிடம் ஒரு மாதத்தில் மனப்பாடம் ஆகிவிடும். "இப்பக் கொக்கு பறக்கும் பாரு" என்று அப்பத்தா முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்தபோது எனக்கு விஷயம் புரிந்தது. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போகிறேன். அவர் ஆர்டர் போடுகிறார், நான் எடுத்துவருகிறேன். விடியற்காலையில் வேண்டும், தெற்குக் கடல் வேண்டும், கரைவலை இழுக்கிற சத்தம் வேண்டும். போன தடவை கரைவலை இழுக்க ஆள் சேரவில்லை. ஒரு நாய் குரைத்ததும், தூரத்தில் பாம்பன் பாலத்தில் ரயில் போன சத்தமும்தான் பதிந்தது. வெறுங்கையோடு வந்தவன் மாதிரி தயங்கித்தான் போட்டுக் காட்டினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "நாய் யாரு வீட்டுது?" என்றார்.